ஹார்மனிக்குத் தமிழில் என்ன?

அமெரிக்கப் பாட்டுக்குழுவான பீச் பாய்ஸின் பாட்டைக் கேட்டுவிட்டு "கோரஸ் பிரமாதம்" என்று சொல்பவர்கள் உண்டு. பிரமாதம்தான், ஆனால் அதற்குப் பெயர் ஹார்மனி. கோரஸில் பத்துப் பேரும் ஒரே மெட்டை ஒரே சுரத்தில் பாடிவிட்டுப் போகலாம். ஹார்மனியில் ஒருவர் 'ஸ'வில் நிற்கும் அதே நொடியில் இன்னொருவர் 'க', மூன்றாமவர் 'ப' என்று ஆளுக்கொரு சுரம் பிடிப்பார்கள், அதில் நடுக்குரலை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டால் இது ஒரு மெட்டா என்றுகூடத் தோன்றும்.

1974-இல் வந்த 'எண்ட்லெஸ் சம்மர்' என்ற இரட்டை இசைத்தட்டைக் கேட்டாலே போதும், புரிந்துவிடும். 1962 முதல் 65 வரை இந்தக் குழு பாடிய ஹிட்டுகளின் தொகுப்பு. பழைய பாட்டுகள்தான், ஆனாலும் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. குழுவில் இருந்தவர்கள் வில்சன் வீட்டு அண்ணன் தம்பிகள் மூவர், அத்தை மகன் மைக் லவ், நண்பர் ஆல் ஜார்டின். இந்தத் தட்டில் 'இன் மை ரூம்' பாட்டின் தொடக்கத்தைக் கவனியுங்கள்: வில்சன்களில் மூத்தவரான பிரையனின் குரல் தனியாக வரும், அப்புறம் மற்ற குரல்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடமே தெரியாது.

ஒட்டுவது என்று சும்மா சொல்லவில்லை. கிரேக்கத்தில் 'ஹார்மோனியா' என்றால் முதலில் பொருத்து, தச்சர் பலகையோடு பலகையைச் சேர்க்கும் பொருத்துதான். கிரேக்கக் கவி ஹோமரின் காவியத்தில் நாயகன் ஒடிசியஸ் தெப்பம் கட்டும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது, அங்கே பாட்டும் இல்லை, கூத்தும் இல்லை. இசைக்கு வந்தது பிறகு. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஆர்மோனியப் பெட்டியின் பெயரும் இதே வேரில் முளைத்ததுதான். (அந்தப் பெட்டி நம் ஊரில் பெரும்பாலும் பாடுகிறவரின் மெட்டையே பின்தொடர்ந்து கொண்டிருந்தது என்பது வேறு கதை.)

சரி, தமிழில்? இயற்பியல் பாடநூலில் 'தனிச்சீரிசை இயக்கம்' படித்திருப்பீர்கள், அதில் 'ஹார்மனிக்' என்பதற்கு வைத்த 'சீரிசை' அலைவுக்குச் சரி, பாட்டுக்கு ஒட்டவில்லை. 'சேர்ந்திசை' பலர் கூடிப் பாடுவதைச் சொல்லும், ஆளுக்கொரு சுரம் என்பதைச் சொல்லாது. 'ஒத்திசைவு' என்பதே என் தேர்வு. அகராதியில் 'இசைத்தல்' என்பதற்கு ஒலித்தல் மட்டுமல்ல, பொருத்துதல், கட்டுதல் என்றும் பொருள் இருக்கிறது, 'கல்யாணத்துக்கு இசைந்தான்' என்னும்போது உடன்படுதல். கிரேக்கத் தச்சரின் பொருத்து நம் 'இசை'க்குள்ளேயே கிடக்கிறது!

பேச்சில் ஹார்மனி என்றே சொல்லுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். எழுதும்போது ஒத்திசைவு. கோரஸ் என்று மட்டும் வேண்டாம்.