ருமேனியக் குழந்தைகளும் ஆறு மாதக் கோடும்

ஒரு குழந்தை பேசத் தாமதிக்கிறது, யாரோடும் ஒட்டுவதில்லை. வீட்டுச் சூழலும் சரியில்லை. அப்படியானால் வீடுதான் காரணமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. பெற்றோர் குழந்தைக்கு வீட்டோடு சேர்த்து மரபணுவையும் கொடுக்கிறார்கள். சில சமயம் குழந்தையின் சிக்கலே வீட்டின் அமைதியைக் குலைத்திருக்கும். எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்கச் சோதனை செய்யவும் வழியில்லை. யாரும் ஒரு குழந்தையை வேண்டுமென்றே அன்பில்லாமல் வளர்த்துப் பார்க்க முடியாது.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் பணியாற்றிய மைக்கேல் ரட்டர் (1933–2021) வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியது இந்தச் சிக்கலோடுதான். பிரிட்டனில் குழந்தை மனநல மருத்துவத்தின் முதல் பேராசிரியர் அவர். தாயைப் பிரிவதே குழந்தையைக் கெடுக்கும் என்று பரவலாக நம்பப்பட்ட காலத்தில், 1972இல் அந்தக் கருத்தை மறுபரிசீலனை செய்தார். பிரிவு வேறு, பாசமும் தூண்டுதலும் கிடைக்காமல் போவது வேறு என்றார். ஆனால் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும் வாய்ப்பு, ஒரு நாட்டின் பெருந்துயரத்தின் வழியாகத்தான் அவருக்குக் கிடைத்தது.

ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. வறுமையில் வளர்க்க முடியாதவர்கள் குழந்தைகளை அரசுக் காப்பகங்களில் விட்டார்கள். அங்கே பல குழந்தைகள் நாளெல்லாம் தொட்டிலிலேயே கிடந்தார்கள். விளையாட்டுப் பொருள் இல்லை, பேச்சுக் கொடுக்க ஆள் இல்லை, சாப்பாடும் போதவில்லை. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் அவர்களில் பலரை வெளிநாட்டுக் குடும்பங்கள் தத்தெடுத்தன.

ரட்டர் குழு பிரிட்டனுக்கு வந்த 165 ருமேனியக் குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. ஒப்பிடுவதற்கு, ஆறு மாதத்துக்குள் பிரிட்டனிலேயே தத்துக் கொடுக்கப்பட்ட 52 குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. ஆய்வின் வலிமை எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். காப்பகத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பிறந்த சில வாரங்களிலேயே அங்கே விடப்பட்டவர்கள். ஆகவே, ஊனம் தெரிந்ததால்தான் கைவிட்டார்கள் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆட்சி விழும்வரை வெளியேறியவர்களும் குறைவு. அதனால் ஒரு குழந்தை எத்தனை மாதம் உள்ளே இருந்தது என்பதை அதன் குணமோ திறமையோ முடிவு செய்யவில்லை. அது எப்போது பிறந்தது என்பதே பெருமளவு முடிவு செய்தது. தத்தெடுத்தவர்களின் மரபணுவும் குழந்தையுடையது அல்ல. யாரும் திட்டமிடாமலே, சோதனைக்கு நிகரான ஒன்று இப்படி அமைந்துவிட்டது.

குழந்தைகள் 4, 6, 11, 15 வயதிலும் பெரியவர்களான பிறகும் பரிசோதிக்கப்பட்டார்கள். ஆறு மாதத்துக்குள் வெளியே வந்தவர்கள் பிரிட்டன் குழந்தைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களிடம் நான்கு சிக்கல்கள் கூடுதலாகத் தெரிந்தன: அறிவு வளர்ச்சிக் குறைவு, கவனக்குறைவோடு துறுதுறுப்பு, முன்பின் தெரியாதவரோடும் தயங்காமல் போய்விடுவது, ஆட்டிசம் போன்ற நடத்தை.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது கடைசி விஷயம். ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு பெரிது என்று 1977இல் சக ஆய்வாளர் சூசன் ஃபோல்ஸ்டீனோடு இரட்டையர்களை ஆராய்ந்து காட்டியவரே ரட்டர்தான். தன் முடிவுக்கு முரணாகத் தெரிந்ததை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை, நுணுக்கமாகப் பார்த்தார். வழக்கமான ஆட்டிசம் ஆண் குழந்தைகளிடமே மிகுதி. இங்கே அந்த வேறுபாடு இல்லை. 4 வயதில் தெரிந்த அறிகுறிகள் 6 வயதுக்குள் பலரிடம் தணிந்தன. மற்றவர்களோடு பழகும் ஆர்வமும் இருந்தது. மேலுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேர் வேறு என்று அவர் முடிவுக்கு வந்தார்.

2017இல் வெளியான தொடர்ச்சியில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. அறிவு வளர்ச்சிக் குறைவு பெரியவர்களானபோது சரியாகிவிட்டது. கவனக்குறைவு தொடர்ந்தது. சிறுவயதில் தெரியாத மனச்சோர்வும் பதற்றமும் பின்னால் தலைதூக்கின. அப்புறம், நீண்ட காலம் உள்ளே இருந்தவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் எந்த வயதிலும் பாதிப்பின்றி வளர்ந்திருந்தார். எது அவர்களைக் காத்தது என்ற கேள்விக்கு, இன்றைய குழந்தை மனநல ஆய்வில் இன்னும் பெரிய இடம் தர வேண்டும் என்பேன்.

ருமேனியா 2004இல் கொண்டுவந்த சட்டம், இரண்டு வயதுக்குட்பட்டவர்களைக் காப்பகத்தில் விடுவதைத் தடை செய்தது. கடுமையான ஊனமுள்ள குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு. மடியும் பேச்சும் மற்ற எல்லாரையும்விட அதிகம் தேவைப்படுகிற குழந்தைகளை அந்த விலக்கு காப்பக வாசலிலேயே நிறுத்தியது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.