மக்கு உரத் தொட்டி ஏன் நாறுகிறது?

'வீட்டுக் குப்பையை மக்க வைக்கிறேன், நாற்றம் தாங்கவில்லை. எந்த நுண்ணுயிர்ப் பொடி போடலாம்?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பொடியே வேண்டாம். மக்க வைக்கும் பாக்டீரியா காய்கறித் தோலிலும் சருகிலும் ஒட்டிக்கொண்டே வந்துவிடுகிறது. வந்ததையே காசு கொடுத்து மறுபடி வாங்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். தொட்டியில் பஞ்சம் காற்றுக்கு.

இந்த பாக்டீரியாக்கள் இருப்பது, குப்பைத் துணுக்குகளின் மேல் படிந்த மெல்லிய நீர்ப்படலத்துக்குள். துணுக்குகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் காற்று இருந்தால், ஆக்சிஜன் படலத்தில் கரைந்து உடனே அவற்றை எட்டும். அந்த இடுக்கில் தண்ணீர் நின்றுவிட்டால்? காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் தண்ணீரில் ஆக்சிஜன் பரவும். ஊர்ந்து வருகிற கொஞ்சத்தையும் வெளி ஓரத்தில் இருப்பவை தீர்த்துவிடும். ஒரு சிறு ஈரக் கட்டியின் நடுப்பகுதிகூட, சுற்றிலும் காற்று இருந்தும், மூச்சில்லாமல் கிடக்கும். அங்கே ஆக்சிஜன் வேண்டாத இன்னொரு கூட்டம் பெருகுகிறது. புளித்த வாடையுள்ள கரிம அமிலங்கள், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு, வாடையே இல்லாத மீத்தேன் எல்லாம் அதன் கைங்கரியம். சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளின் அடியில் மீத்தேன் உண்டாவதும் இப்படித்தான்.

ஆகவே குப்பையோடு கலக்கும் சருகு, தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றின் முதல் வேலை இடுக்கைத் திறந்து வைப்பது. தூளான நார்க்கழிவை மட்டும் கொட்டினால் அதுவும் சேறாக அமுங்கிவிடும். நொறுங்காத சருகும் கொஞ்சம் கலந்தாக வேண்டும்.

20 லிட்டர் வாளி போதும். அடியிலும் பக்கங்களிலும் 8 மி.மீ. துளைகள், அடியில் 5 செ.மீ. உயரத்துக்குத் தேங்காய் நார். நறுக்கிய கழிவு ஒரு பங்கு என்றால் சருகு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, எடையில் அல்ல, கொள்ளளவில். கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம். ஒழுகினால் ஈரம் அதிகம். ரசம், சாம்பார் மிச்சத்தை வடிகட்டாமல் ஊற்றுவதும், சோற்றைக் கட்டியாகப் போடுவதும்தான் பெரும்பாலும் கெடுப்பவை. எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள்.

நாற்றத்திலும் இரண்டு வகை உண்டு. மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடி என்றால் நைட்ரஜன் மிகுதி. கார்பன் அதற்கு 25 முதல் 30 மடங்கு இருக்க வேண்டும், சருகைக் கூட்டினால் சரியாகும். அழுகல் நாற்றம் என்றால் வெறுமனே கிளறிப் பயனில்லை, ஈரக்குழம்பு மறுபடி படிந்துகொள்ளும். முழுவதையும் வெளியே கொட்டி, கட்டிகளை உடைத்து, சருகு கலந்து திரும்ப நிரப்புங்கள்.

பெரிய குவியல்கள் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். வாளியில் பிறக்கும் சூடு சுவர் வழியே போய்விடுவதால் விதைகள் சாவதில்லை. உரத்தில் தக்காளி நாற்று முளைத்தால் திகைக்க வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில், ஈரமான உரத்தில் ஒரு பிடியை பாலித்தீன் பையில் மூன்று நாள் கட்டி வைத்துப் பிரித்து முகருங்கள். மண்வாசனை என்றால் சலித்துச் செடிக்குப் போடலாம். புளித்த வாடை என்றால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள்.