பரிதி: ஒரு சொல்லும் அதன் சுற்றமும்

வட்டத்தின் விளிம்பாக ஓடும் வளைகோடு பரிதி. அந்தக் கோட்டின் நீளம் சுற்றளவு. விட்டத்தைப் பை (π) என்ற எண்ணால் பெருக்கினால் சுற்றளவு வந்துவிடும். அகராதிக்கு இது போதும். ஆனால் கரும்பலகையில் 'பரிதி = 2 × பை × ஆரம்' என்று எழுதிப் போடுகிறோமே, அங்கே பரிதி என்பது கோடா, நீளமா? ஆங்கிலத்து சர்க்கம்ஃபரன்ஸ் இரண்டுக்கும் பொதுவாக நிற்பதால் அந்தக் குழப்பம் நம் பாடத்துக்கும் வந்துவிட்டது.

புதுச்சேரியில் இது இன்னும் கொஞ்சம் கூடுதல். கடலூரில் தமிழ்வழியில் படித்துவிட்டு இங்கே வாழ்க்கைப்பட்ட அம்மாவுக்கு அது சுற்றளவு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த தாத்தாவுக்கு சிர்கோன்ஃபெரான்ஸ். அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறியபின் பேத்தி வாயில் சர்க்கம்ஃபரன்ஸ் மட்டும்தான். யாழ்ப்பாணத்து உறவு யாராவது வந்திருந்தால் அவர் பரிதி என்பார். "அப்போ இதுக்குச் சரியான தமிழ்தான் என்ன?" என்று பேத்தி கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது.

முதலில் வெளியூர்ச் சொற்களைப் பார்த்துவிடுவோம். கிரேக்கத்தில் வட்டத்தின் விளிம்புக்குப் பெரிஃபெரெயா என்று பெயர். பெரி என்றால் சுற்றிலும். ஃபெரெய்ன் என்றால் சுமந்து செல்லுதல். லத்தீன்காரர்கள் அதை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்துச் சர்க்கும்ஃபெரென்ஷியா ஆக்கினார்கள். பிரெஞ்சுச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் அதன் வாரிசுகள். பை என்ற குறியும் அந்தக் கிரேக்கச் சொல்லின் முதலெழுத்துத்தான். சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்துக்கு அதை 1706-இல் வேல்சு நாட்டு வில்லியம் ஜோன்ஸ் பயன்படுத்தினார். பின்னால் ஆய்லர் கையாண்ட பிறகே உலகம் அதைப் பிடித்துக்கொண்டது.

வடமொழியில் பரிதி என்பது பரி என்ற முன்னொட்டும், வைத்தல் என்று பொருள்படும் வேரும் சேர்ந்தது: சுற்றிலும் வைத்தது. வேள்வித் தீயைச் சுற்றி வைக்கும் கட்டைகளுக்கும் பரிதி என்றே பெயர். ஞாயிற்றைச் சுற்றித் தெரியும் ஒளிவளையத்துக்கும் அதே பெயர். இந்தப் பரியும் கிரேக்கப் பெரியும் ஒரே குடும்பம். பரிதி, பை இரண்டும் சிற்றப்பன் பெரியப்பன் பிள்ளைகள் என்பது தெரியாமலேயே ஒரே சூத்திரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கு நூல்களில் ஆரியபட்டர் சுற்றளவுக்குப் பரிணாகம் என்ற சொல்லை வைத்தார். விட்டம் 20,000 என்றால் சுற்று 62,832 என்றார். கூடவே அது 'கிட்டத்தட்ட' என்றும் ஒரு சொல் சேர்த்தார். 3.1416 வருகிறது. ஐந்தாம் நூற்றாண்டு முடியும் வேளையில் அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பாஸ்கரரின் லீலாவதி (1150) பரிதி என்றே சொல்கிறது: நுட்பமாக வேண்டுமானால் விட்டத்தை 3927-ஆல் பெருக்கி 1250-ஆல் வகு, நடைமுறைக்கு 22-ஆல் பெருக்கி 7-ஆல் வகு. நம் பாடநூலின் பரிதி, கலைச்சொல்லாக, இந்த வழியில் வந்தது என்றே தோன்றுகிறது.

ஆனால் தமிழில் பரிதி என்றவுடன் மனத்தில் எழுவது வட்டமில்லை, ஞாயிறு. சூரியநாராயண சாஸ்திரி தம் பெயரைத் தமிழாக்கியபோது சூரியனைப் பரிதி ஆக்கித்தான் பரிதிமாற்கலைஞர் ஆனார். தனித்தமிழ்ப் பற்றாளர் ஒருவரே தூய தமிழாகக் கருதிய சொல் அது. பரிதல் என்றால் ஓடுதல், ஓடுவது பரிதி என்று தமிழ் வேர் காட்டுவோரும் உண்டு. புறநானூற்று 30-ஆம் பாட்டில் முதுகண்ணன் சாத்தனார் 'செஞ்ஞாயிற்றுச் செலவும் அஞ்ஞாயிற்றுப் பரிப்பும் பரிப்புச் சூழ்ந்த மண்டிலமும்' என்று அடுக்குவது அவர்களுக்குப் பலமான துணை. ஞாயிற்றைக் குறிக்கும் பரிதிக்கு அந்த வேர் பொருந்துகிறது என்று வைத்துக்கொண்டாலும், வட்டத்தின் விளிம்பு என்ற கணக்குப் பொருளுக்கு அது வழிகாட்டவில்லை. இரண்டு ஆறுகள் ஒரே முகத்துவாரத்தில் கலந்த மாதிரி என்று விட்டுவிடுவதே நேர்மை.

பரிதியின் பரிதி தேடி வந்து புதுச்சேரியில் ஏமாந்த ஒருவரைச் சொல்லாமல் போகக்கூடாது. பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடப்பதைப் பார்க்க 1760-இல் புறப்பட்டார். அந்தக் கரும்புள்ளி ஞாயிற்று விளிம்பின் உள்ளே நுழையும் நொடியும் வெளியேறும் நொடியும் கிடைத்தால் ஞாயிற்றின் தொலைவைக் கணக்கிடலாம். 1761-இல் வந்துசேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கையில். கப்பலின் ஆட்டத்தில் அளவெடுக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காகக் கீழ்த்திசைக் கடல்களிலேயே காத்திருந்து 1768-இல் புதுச்சேரிக்கு வந்தார். 1769 ஜூன் 4 காலையில் சரியாக அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. மிச்சமாகக் கிடைத்தது, இங்கே ஒரு தமிழரிடம் கற்றுக்கொண்டு போன நம் வானியல் கணக்கு.

சரி, நம் ஊர்க் கணக்கர்கள் என்ன சொல்லை வைத்திருந்தார்கள்? காரிநாயனார் எழுதிய பழைய கணக்கு நூலான கணக்கதிகாரத்தில் விடை இருக்கிறது:

'வட்டத்தரை கொண்டு விட்டத்தரை தாக்கச்
சட்டெனத் தோன்றும் குழி.'

வட்டத்தரை என்பதைத் தரை என்று படித்துக் குழம்ப வேண்டாம். வட்டத்து அரை, விட்டத்து அரை. அதாவது வட்டத்தில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு, பரப்பு கிடைக்கும். இதில் வட்டம் என்பது வடிவத்தின் பெயரில்லை, சுற்றளவின் பெயர். வட்டத்துக்குள் குறுக்கே கிடப்பது விட்டம், சுற்றி ஓடுவது வட்டம். ஓரெழுத்து மாற்றத்தில் ஒரு இணை! வீட்டுக் கூரையில் குறுக்கே போடும் உத்தரத்துக்கும் விட்டம் என்று பெயர் இருப்பதால் பொருளும் கண்முன் நிற்கிறது. பரிதிக்கும் சுற்றளவுக்கும் முன்னால் கணக்குப்பிள்ளை வாயில் புழங்கிய சொல் இதுதான். வட்டமும் வடமொழி விருத்தமும் உறவா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதை இங்கே இழுக்கவில்லை.

குழி என்ற சொல் பாகூர்ப் பக்கத்து விவசாயிக்கு விளக்கம் இல்லாமலே புரியும். புதுச்சேரியில் இன்றும் நிலப் பேச்சு குழியில்தான்: 24 அடிச் சதுரம், 576 சதுர அடி, ஒரு குழி, நூறு குழி ஒரு காணி. வட்டமான குளம் ஒன்றின் விட்டம் 168 அடி என்று வையுங்கள். 24 அடியை ஒரு கோலாகக் கொண்டால் விட்டம் 7 கோல், வட்டம் 22 கோல். வட்டத்தரை 11, விட்டத்தரை 3½. பெருக்கினால் 38½ குழி. பத்திரத்தில் மட்டும் இது எக்டேர், ஆர், சென்டியார் என்று பிரெஞ்சு அளவில் ஏறும். அந்த அளவுகளுக்கு அடிப்படையான மீட்டரைப் பிரெஞ்சுக்காரர்கள் வகுத்ததே ஒரு சுற்றளவை வைத்துத்தான். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை, அதாவது பூமிச் சுற்றின் கால்பங்கை, ஒரு கோடியாக வகுத்தால் ஒரு மீட்டர். பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் என்று அழகாக அமைவது தற்செயல் இல்லை.

அதே கணக்கதிகாரம் விட்டத்திலிருந்து வட்டம் காண ஒரு வழி சொல்கிறது: விட்டத்தை இரட்டித்து, நான்மாவால் பெருக்கி, எட்டால் பெருக்கு. மா என்பது இருபதில் ஒன்று. நான்மா ஐந்தில் ஒன்று. ஆக மொத்தம் 3.2, பழைய வாயில் மூன்றே நான்மா. மனக்கணக்குக்கு வசதி, ஆனால் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு கூடுதல். முன்னோர் சொன்னதால் இதுவே துல்லியம் என்று பெருமை பேசுகிறவர்கள் ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை அடித்துப் பார்க்க வேண்டும். 140 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்கு 22/7 தருவது 440. மூன்றே நான்மா தருவது 448. எட்டு சென்டிமீட்டர் தொளதொளத்தால் பட்டை முதல் மேட்டிலேயே கழன்றுவிடும். கொல்லர் அந்தச் சூத்திரத்தையும் நம்பவில்லை, பையையும் நம்பவில்லை. சக்கரத்தை ஒரு சுற்று உருட்டி நீளம் எடுத்தார். பட்டையை அதைவிடச் சற்றுக் குறைவாக வளைத்து, வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சி, விரிந்ததும் மாட்டி, தண்ணீர் ஊற்றினார். 500 டிகிரி சூடேறினால் 440 சென்டிமீட்டர் இரும்பு இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நீளும். குளிரும்போது அது இறுகி மரத்தைக் கவ்விக்கொள்ளும்.

அந்தச் சக்கரத்திலேயே நமக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் கிடக்கின்றன. நடுவில் குடம். அதிலிருந்து கிளம்புவது ஆர், ஆரக்கால். விளிம்பாக வளைந்த மரத்துண்டு வட்டை. தமிழ்நாட்டில் ஆரம் என்பதும் இலங்கையில் ஆரை என்பதும் இந்த ஆர்தான். (பத்திரத்து ஆருக்கும் இதற்கும் உறவில்லை, அது லத்தீன் வழி வந்தது.) லத்தீனில் ரேடியஸ் என்பதற்கும் ஆரக்கால் என்றே பொருள்; சக்கரம் செய்தவர்கள் எங்கும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். பரிதிக்கு மாற்றாக வட்டை என்று ஒருவர் முன்மொழிந்தால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் வண்டிகளே அருகிவிட்ட காலத்தில் அது பாடநூலில் ஏறும் என்ற நம்பிக்கையும் இல்லை.

சுற்றளவுக்கு வருவோம். வேர் பற்றிய தகராறே இல்லாத தெளிவான தமிழ். ஆனால் அது வட்டத்துக்கு மட்டும் உரியது இல்லை. முக்கோணம், வயல், மதில், இடுப்பு எல்லாவற்றுக்கும் சுற்றளவு உண்டு. புதுச்சேரியின் புல்வாரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவரின் தடத்தில் போன சாலை. வரைபடத்தில் முட்டை போலத் தெரியும். அதற்குச் சுற்றளவு உண்டு, பரிதி என்று சொல்ல வாய் வராது. வட்டத்துக்கு இருப்பதுபோல எளிய சூத்திரமும் கிடையாது. ஒழுங்கான நீள்வட்டத்துக்கே அது வாய்க்கவில்லை. மிக நெருங்கிய தோராயம் ஒன்றை இராமானுஜன் 1914-இல், பை பற்றிய தம் கட்டுரையில் கொடுத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1910-இல், வேலை தேடி அவர் போய் நின்ற இடம், அன்று கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னாற்காடு மாவட்டத்தின் திருக்கோவிலூர். அங்கே துணை ஆட்சியராக இருந்த இராமசுவாமி அய்யரிடம் நோட்டைக் காட்டினார்.

எழுதும்போது நான் வைத்திருக்கும் வழக்கம் இது: கோடு என்றால் பரிதி, நீளம் என்றால் சுற்றளவு. 'புள்ளி பரிதியின் மேல் உள்ளது' சரி. 'புள்ளி சுற்றளவின் மேல் உள்ளது' தவறு. 'சுற்றளவு 44 சென்டிமீட்டர்' சரி. 'பரிதி 44 சென்டிமீட்டர்' என்பதை இலங்கைப் பாடநூல் வழக்கு என்று பொறுத்துக்கொள்ளலாம். பழைய பாட்டு படிக்கும்போது மட்டும் வட்டம் என்றால் சுற்றளவா, வடிவமா என்று ஒரு நொடி நின்று பார்க்க வேண்டும்.

மரவாடியில் பரிதி என்றால் எடுபடாது. அங்கே 'சுத்து எவ்ளோ?' என்றுதான் கேட்பார்கள். நாடாவை அடிமரத்தில் சுற்றி அளந்து, அதை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கிக் கன அளவு போடுவது அந்தத் தொழிலின் பழைய முறை. 44 அங்குலச் சுற்றுக்கு 11 × 11 = 121 சதுர அங்குலம் வரும். காரிநாயனார் வழியில் பார்த்தால் 22 × 7 = 154. இடைவெளி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அறுக்கும்போது போகும் சிராய்க்கும் பட்டைக்கும் அது கழிவு என்பது வாங்குகிறவர் சொல்லும் நியாயம்; மரம் விற்கிறவர் கையில் ஒரு கால்குலேட்டர் இருப்பது நல்லது.