ஹெமிபார்க்கின்சனிசம்: அரையா, ஒற்றையா, பக்கமா?

போன மாதம் தெரிந்தவர் ஒருவர் தன் அப்பாவின் மருத்துவக் குறிப்போடு வீட்டுக்கு வந்தார். தாளின் கடைசியில் ‘ஹெமிபார்க்கின்சனிசம்’ என்று எழுதியிருந்தது. கைப்பேசியில் போட்டுப் பார்த்ததில் ‘அரைப் பார்க்கின்சன்’ என்று தமிழ் வந்ததாம். “அரைன்னா இன்னும் முழுசா வரலைன்னுதானே அர்த்தம்? இப்பவே பிடிச்சு நிறுத்திடலாம் இல்லையா?” என்று கேட்டார். முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

அந்தச் சொல் சொல்வது பாதி நோயை அல்ல, பாதி உடம்பை. நடுக்கமும் விறைப்பும் தரும் அந்த மூளைநோய் முழு நோய்தான். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் அதன் அறிகுறிகள் தெரிகின்றன, அவ்வளவே. ஓர் எழுத்துக்கூட மாறாமல் மொழிபெயர்த்தும் பொருள் எங்கோ போய்விட்டது. அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

‘ஹெமி’ கிரேக்கம். பாதி என்று பொருள். லத்தீனின் ‘செமி’, வடமொழியின் ‘சாமி’ (கடவுள் அல்ல, இது பாதியைக் குறிக்கும் வேறு சொல்) எல்லாம் இதன் பங்காளிகள். தமிழுக்கு வந்தபோது இந்த ஹெமிக்கு நாம் ஒரே வேடம் போடவில்லை, மூன்று வேடம் போட்டிருக்கிறோம். ஹெமிஸ்பியர் என்றால் அரைக்கோளம். அங்கே ‘அரை’ சரி, உருண்டையை இரண்டாகப் பிளந்தால் அரைதான். ஹெமிப்ளீஜியா என்றால் பக்கவாதம். அங்கே ஹெமி ‘பக்கம்’ ஆகிவிட்டது. இலங்கையில் இதையே பாரிசவாதம் என்பார்கள். பாரிசம் என்பது விலாப்பக்கத்தைக் குறிக்கும் ‘பார்சுவம்’ என்ற வடசொல்லின் திரிபு, ஆக அங்கேயும் பக்கம்தான். மூன்றாவது வேடம்தான் எனக்குப் பிடித்தது. கிரேக்கத்தில் ‘ஹெமிக்ரானியா’ என்றால் பாதி மண்டை. அது பிரெஞ்சுக்குப் போனபோது முன்னால் இருந்த ‘ஹெ’ உதிர்ந்து ‘மிக்ரேன்’ ஆகி, ஆங்கிலத்தில் மைக்ரேன் ஆனது. தலைவலியின் பெயருக்கே தலை போய்விட்டது! அதற்கு நாம் வைத்த பெயர் ஒற்றைத் தலைவலி. ‘அரைத் தலைவலி’ என்று யாராவது வைத்திருந்தால், லேசான தலைவலி போலிருக்கிறது என்று நினைத்திருப்போம்.

ஆக, உடம்பு நோய்களில் ஹெமி வந்தால் தமிழ் தானாகவே ‘பக்கம்’ அல்லது ‘ஒற்றை’ பக்கம் சாய்கிறது. கைப்பேசிக்கு அது தெரியவில்லை.

சொல்லின் மறுபாதி ஒரு மனிதரின் பெயர். லண்டன் ஹாக்ஸ்டனில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817இல் ஆறு பேரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அந்த ஆறு பேரில் சிலர் அவரிடம் வந்த நோயாளிகள்கூட இல்லை, தெருவில் கண்டவர்கள். அந்த நூலிலேயே, நடுக்கம் பெரும்பாலும் ஒரு கையில்தான் தொடங்கும், ஓராண்டோ அதற்கு மேலோ ஆன பிறகே மறுகைக்கு வரும் என்று எழுதிவிட்டார். ஒருபக்கம் என்பது இந்த நோயின் விசித்திரமான தனி வகை அல்ல, அது வருகிற வழக்கமான வழியே அதுதான். 1967இல் மார்கரெட் ஹோன், மெல்வின் யாஹ்ர் என்ற மருத்துவர்கள் இருவரும் நோயை ஐந்து கட்டங்களாகப் பிரித்தபோது, முதல் கட்டத்துக்கு வைத்த அடையாளம் ‘ஒருபக்கம் மட்டும்’. இரண்டாவது கட்டத்தில் இரு பக்கமும் வந்துவிடும். ஆனால் முதலில் பிடித்த பக்கம் பெரும்பாலும் கடைசிவரை மோசமான பக்கமாகவே இருக்கும்.

ஈற்றில் இருக்கும் ‘இசம்’ பொதுவுடைமை இசம் மாதிரி கொள்கை அல்ல. நடுக்கம், விறைப்பு, அசைவு மந்தம் என்ற அறிகுறிக் கூட்டத்தைச் சொல்கிறது. காரணம் பார்க்கின்சன் நோயாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். எனவே ‘இயம்’ வேண்டாம், ‘நிலை’ போதும்.

சரி, ஏன் ஒரு பக்கம்? இங்கேதான் ஒரு பழைய பாரிஸ் கதை வருகிறது. சால்பெட்ரியர் மருத்துவமனையில் காசநோயாளி ஒருவருக்கு உடம்பின் இடப்பக்கத்தில் மட்டும் பார்க்கின்சன் போலவே நடுக்கமும் விறைப்பும் இருந்தன. அவர் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தால், நடுமூளையின் வலப்பக்கத்தில் ஒரு காசநோய்க் கட்டி. கருமையாக இருப்பதால் சப்ஸ்டான்ஷியா நைக்ரா, அதாவது கரும்பொருள், என்று பெயர் பெற்ற பகுதியை அது அழித்திருந்தது. பிளாக், மரினெஸ்கு என்ற மருத்துவர்கள் இருவரும் 1893இல் இதை எழுதினார்கள். நோயின் இடம் அங்கேதான் என்று பிரிஸோ என்ற மருத்துவர் ஊகித்தார். 1919இல் திரெத்தியாகோஃப் பல மூளைகளைப் பார்த்து உறுதி செய்தார். இந்த நோயின் இருப்பிடமே ஒற்றைப்பக்க நோயாளி ஒருவரால் தெரியவந்தது என்பதை நினைத்தால் ஹெமிக்கு ஒரு மரியாதை வருகிறது.

வலப்பக்கக் கட்டி, இடப்பக்க நடுக்கம். கரும்பொருளிலிருந்து டோபமின் என்ற வேதிப்பொருளைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் ஏறக்குறைய முழுக்க அதே பக்கத்து அரைக்கோளத்துக்குள்ளேயே ஏறி, புட்டமென் என்ற பகுதியில் முடிகின்றன. அங்கிருந்து சேதி அதே பக்கத்து இயக்கப் புறணிக்கு, அதாவது அசைவுகளை ஏவும் மூளையின் மேற்பரப்புப் பகுதிக்கு, போகிறது. அதற்கு அப்புறம்தான், கீழே இறங்கும்போது, மூளையின் அடித்தண்டான முகுளத்தில் பெரும்பாலான இழைகள் பக்கம் மாறுகின்றன. எனவே இடது கை நடுங்கினால் வலது மூளையைப் பார்க்க வேண்டும்.

இங்கே இன்னொரு சொல் குறுக்கே வருகிறது: கனெக்டிவிட்டி. லத்தீனில் ‘கட்டு, முடி’ என்ற வினையிலிருந்து வந்தது. தமிழில் எல்லோரும் ‘இணைப்பு’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆனால் மூளை ஆய்வில் இந்தச் சொல் இரண்டு வெவ்வேறு சங்கதிகளைக் குறிக்கிறது. ஒன்று, உண்மையான கம்பி, அதாவது இங்கிருந்து அங்கே போகும் நரம்பிழை. இதற்கு இணைப்பு பொருத்தம். மற்றது, ஸ்கேனில் இரண்டு இடங்களின் செயல்பாடு சேர்ந்தாற்போல் ஏறி இறங்குவது. 1995இல் பரத் பிஸ்வாலும் உடன் உழைத்தவர்களும், சும்மா படுத்திருப்பவரின் மூளையிலும் இடது வலது இயக்கப் புறணிகள் இரண்டும் ஒன்றாக ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். இதற்கு நேரடிக் கம்பி இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. இதையும் ‘இணைப்பு’ என்றால் படிப்பவர் கம்பியைத்தான் நினைப்பார். நான் எழுதும்போது இதற்கு ‘உடனியக்கம்’ என்று போடுகிறேன். அகராதிகளை விட்டுத்தள்ளுங்கள், பொருள் பளிச்சென்று தெரிகிறது.

இந்த வேறுபாடு நம் நோய்க்கு வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர் போர்க்ஹாமர் ஒரு கருதுகோள் வைத்திருக்கிறார். ஆல்ஃபா சினூக்ளின் என்ற புரதம் கெட்டுப்போய், நரம்பிழைகள் வழியாகவே பரவுகிறது என்று வைத்துக்கொண்டால், அது முதலில் மூளையின் ஒரு பக்கத்தில் தொடங்கினால் அந்தப் பக்கத்திலேயே அதிகம் பரவும். காரணம், மூளையின் கம்பிகளில் பெரும்பகுதி தத்தம் அரைக்கோளத்துக்குள்ளேயே ஓடுகின்றன. அதனால் அறிகுறிகள் ஒருபக்கமாய்ச் சாயும். குடலில் தொடங்கி மேலே ஏறினால், அங்கே இரு பக்க நரம்புகளும் கலந்து கிடப்பதால், மூளைக்கு வரும்போது இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே பாதிக்கப்படும். எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு அல்ல இது. ஆனாலும் ‘ஏன் ஒரு கை மட்டும்?’ என்ற கேள்விக்குக் கம்பி வரைபடத்திலிருந்து வரும் பதில் என்பதால் எனக்குச் சுவையாக இருக்கிறது.

‘பாதி’ என்ற பொருள் இன்னொரு வகையிலும் பொய். டோபமின் இழைகளைக் காட்டும் ஸ்கேனில், நல்ல மூளையின் ஒவ்வொரு பக்கமும் ஒரு காற்புள்ளி வடிவில் ஒளிரும். நோய் வந்தால் காற்புள்ளியின் வால் தேய்ந்து முற்றுப்புள்ளி போல் ஆகிவிடும். ஒருபக்க நோயாளிக்கு ஒரு பக்கம் முற்றுப்புள்ளி, மறுபக்கம் காற்புள்ளி. ஆனால் அந்தக் காற்புள்ளியின் வாலும் பல நேரம் மங்கத் தொடங்கியிருக்கும். அந்த மூளைப் பக்கத்துக்கு உரிய கையில் ஒன்றுமே தெரியாதபோதும்.

மருத்துவர் பரிசோதிப்பதிலும் இது தெரியும். மணிக்கட்டை மெதுவாக அசைத்துப் பார்ப்பார். விறைப்பு பிடிபடவில்லை என்றால், “இன்னொரு கையை மூடி மூடித் திறங்க” என்பார். மறுகை வேலை செய்யத் தொடங்கியதும், தளர்ந்திருந்த மணிக்கட்டு இவர் கையில் இறுகும். ஃப்ரோமன் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் வழங்கும் உத்தி இது. ஒரு பக்கத்தின் சங்கதியைக் கேட்க மறுபக்கத்தைத்தான் கிளற வேண்டியிருக்கிறது.

கடைசியாகத் தமிழ்ச் சொல். ‘ஒருபக்க நடுக்குவாதம்’ என்று எழுதலாமா? இரண்டு சிக்கல். முதலாவது, நோயாளிகளில் கணிசமானோருக்கு நடுக்கமே இருக்காது. ‘நடுங்கும் வாதம்’ என்ற பழைய பெயரைப் பாரிஸில் ஷார்க்கோ என்ற நரம்பியல் மருத்துவர் இதே காரணத்தையும் காட்டித்தான் மறுத்து, பார்க்கின்சனின் பெயரை வைத்தார். இரண்டாவது, பக்கமும் வாதமும் ஒரே தொடரில் வந்தால் வீட்டில் எல்லோரும் ‘ஸ்ட்ரோக்கா?’ என்று பதறுவார்கள். எனவே என் தேர்வு ‘ஒருபக்கப் பார்க்கின்சன் நிலை’. எந்தப் பக்கம் என்று தெரிந்தால் இன்னும் நல்லது: ‘இடப்பக்கப் பார்க்கின்சன் நிலை’.

வந்தவரின் தாளில் இதையே பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஒரு வருஷமா அப்பாவுக்கு இடது செருப்பு மட்டும் நடக்கும்போது கழன்டு கழன்டு பின்னால கிடக்கும். வார் லூசாயிடுச்சுன்னு ரெண்டு தடவை மாத்திக் கொடுத்தேன்” என்றார்.