நகரும் வீட்டில் ஒரு பனிக்கட்டி இயந்திரம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பாலைவனத்தில் குவார்ட்சைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதையொட்டிய லா போசா என்னும் அரசு நிலத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, ஆர்வி என்று அழைக்கப்படும் வீட்டு வண்டிகளை நிறுத்தி மாதக்கணக்கில் தங்கலாம். (நம் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவனை, அடுப்பும் படுக்கையும் கழிப்பறையும் கொண்ட ஒரு குடித்தனமாக நினைத்துக்கொண்டால் ஆர்வி விளங்கிவிடும்.) வண்டி நிற்கும் இடத்தில் மின் இணைப்பும் கிடையாது, தண்ணீர்க் குழாயும் கிடையாது, கூரைமேல் பதித்த சூரியத் தகடுகளும் 12 வோல்ட் பேட்டரிகளுமே துணை. அப்படிப்பட்ட இடத்தில், டேபிள்டாப் கிரைண்டர் அளவுள்ள ஒரு பனிக்கட்டி இயந்திரத்தை ஓட்டுவது கட்டுப்படியாகுமா என்று அறிய, அது வெப்பத்தை எங்கிருந்து எடுத்து எங்கே கொட்டுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வண்டியில்தான் குளிர்பதனப் பெட்டி இருக்கிறதே என்று தோன்றலாம். பல ஆர்விகளில் இருப்பது, பால்ட்சார் ஃபோன் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ் என்னும் இரு ஸ்வீடன் மாணவர்கள் 1922இல் ஸ்டாக்ஹோமில் வடிவமைத்த உறிஞ்சல் வகைப் பெட்டியின் வாரிசு. அதில் கம்ப்ரஸர் இல்லை. புரொப்பேன் சுடரின் சூடு நீரில் கரைந்துள்ள அம்மோனியாவைப் பிரித்தெடுக்கிறது. அந்த அம்மோனியா திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாயில் மீண்டும் ஆவியாகும்போது பெட்டிக்குள்ளிருக்கும் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. மின்சாரம் ஏறக்குறையத் தேவைப்படாத, சத்தமே இல்லாத அழகான ஏற்பாடு அது; ஆனால் நிதானமானது. ஒரு தட்டுத் தண்ணீரை உறையவைக்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எடுத்துச் செல்லும் பனிக்கட்டி இயந்திரமோ முதல் கட்டிகளைப் பத்து நிமிடங்களுக்குள் உதிர்த்துவிடுகிறது.

இந்த வேகத்துக்குக் காரணம் அதன் கம்ப்ரஸர் பெரிதாக இருப்பதன்று. குளிர் தண்ணீரைத் தொடும் விதந்தான். வீட்டு ஃப்ரீசரில் குளிர்ந்த காற்று தட்டைத் தழுவி, தட்டு தண்ணீரைக் குளிர்விக்கிறது. காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள். இயந்திரத்திலோ, பெரும்பாலும் ஒன்பது எண்ணிக்கையில், விரல் போன்ற உலோகக் குழல்கள் ஒரு சிறு தொட்டித் தண்ணீருக்குள் நேரடியாகத் தொங்குகின்றன. கம்ப்ரஸர் அழுத்திய குளிர்பொருள் கண்டென்சர் சுருளில் வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகி, நுண்குழாய் வழியே அழுத்தம் குறைந்து, அந்த விரல்களுக்குள் கொதித்து ஆவியாகிறது. பல இயந்திரங்களில் இந்தக் குளிர்பொருள் ஐசோபியூட்டேன். சமையல் எரிவாயுவின் நெருங்கிய உறவுக்காரன். சாதாரண வளிமண்டல அழுத்தத்திலேயே ஏறக்குறைய மைனஸ் 12 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் பொருள் அது என்பதால், விரல்களைச் சுற்றியுள்ள தண்ணீர் உடனே உறையத் தொடங்குகிறது.

உறைதல் உள்ளிருந்து வெளியே நடக்கிறது. பனிப்படலம் தடிக்கத் தடிக்க, அதுவே விரலுக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு போர்வையாகிவிடுவதால், பெரிய கட்டி வேண்டும் என்று பொத்தானை அழுத்துபவர் கூடுதலாகக் காத்திருக்க நேரும். நேரம் முடிந்ததும் தொட்டி கவிழ்ந்து மீதித் தண்ணீர் கீழே இறங்குகிறது. ஒரு வால்வு திறந்து, கம்ப்ரஸரிலிருந்து வரும் சூடான வாயுவைக் கண்டென்சருக்கு அனுப்பாமல் நேராக விரல்களுக்குத் திருப்பிவிடுகிறது. விரலை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் உருக, நடுவில் குழியுள்ள தோட்டா வடிவக் கட்டிகள் உதிர்கின்றன. ஒரு சிறு தள்ளுகோல் அவற்றைக் கூடைக்குள் தள்ளுகிறது. குளிர்விக்கச் செலவிட்ட உழைப்பின் ஒரு பகுதியை அதே இயந்திரம் தானே அழிக்கிறது என்பது சற்று வேடிக்கைதான். ஆனால் கட்டியைக் கழற்ற இதைவிட எளிய வழி இல்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். 25 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரைச் சுழியம் டிகிரிக்குக் கொண்டுவர 105 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். அதே சுழியம் டிகிரியில் அதைப் பனிக்கட்டியாக்க மேலும் 334 கிலோஜூல் எடுக்க வேண்டும். உறைவதற்கான இந்த உள்ளுறை வெப்பந்தான் செலவின் பெரும்பகுதி. கூட்டினால் 439 கிலோஜூல், அதாவது 122 வாட் மணி. நாளுக்கு 12 கிலோ என்று பெட்டியில் எழுதியிருக்கும் 120 வாட் இயந்திரம் மணிக்கு அரை கிலோ தருகிறது. கிலோவுக்கு 240 வாட் மணி மின்சாரம். நல்ல கம்ப்ரஸர் ஒன்று, தான் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தைவிடக் கூடுதலான வெப்பத்தை அப்புறப்படுத்த வல்லது; இங்கோ பாதிதான் தேறுகிறது. சூடான வாயுச் சுற்று, மூடி வழியே கசியும் வெப்பம், விசிறி, மோட்டார் ஆகியவை மீதியை விழுங்கிவிடுகின்றன.

ஏசியை ஒரு டன், ஒன்றரை டன் என்கிறோமே, அந்த டன்னும் பனிக்கட்டியில் பிறந்ததுதான்: 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பமே ஒரு டன் குளிர்ச்சி. ஆர்விக் கூரைகளில் வழக்கமாகக் காணப்படும் 13,500 பிடியு (குளிர்விக்கும் திறனை அளக்கும் இன்னோர் அலகு) ஏசி ஒரு டன்னைச் சற்றுத் தாண்டும். அதே அளவுகோலில் நம் இயந்திரம் ஒரு டன்னில் ஏறக்குறைய எழுபத்தைந்தில் ஒரு பங்கு.

சிறியதுதான் என்றாலும், அது கொட்டும் வெப்பத்தைப் புறக்கணிக்க முடியாது. தண்ணீரிலிருந்து எடுத்ததும், மின்சாரமாக வாங்கியதும், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 180 வாட்டாகப் பக்கவாட்டுத் துளைகள் வழியே வெளிவருகின்றன. வண்டிக்குள் கூடுதலாக இருவர் உட்கார்ந்திருப்பதற்கு அது சமம். கூரை ஏசி அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். ஆகவே வண்டிக்கு வெளியே, துணிப்பந்தலின் நிழலில் இயந்திரத்தை வைப்பதே சரி என்பேன். நிழல் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: கண்டென்சரைச் சுற்றியுள்ள காற்று சூடேறச் சூடேற விளைச்சல் குறையும், கூடை நிறைந்ததை அறியும் அகச்சிவப்பு உணரியையும் நேரடி வெயில் குழப்பிவிடும்.

பலருக்கு ஏமாற்றம் தருவது கூடைதான். அது ஃப்ரீசர் அன்று. தனியாகக் குளிரூட்டப்படாத, ஓரளவே வெப்பம் தடுக்கப்பட்ட ஓர் அறை மட்டுமே. கட்டிகள் உருகித் தண்ணீர் கீழ்த்தொட்டிக்குத் திரும்ப, இயந்திரம் அதையே மீண்டும் உறையவைக்கிறது. குளிர்ந்த தண்ணீர் என்பதால் 105 கிலோஜூல் மிச்சமாகலாம்; 334 மறுபடியும் செலவு. எனவே, கூடை நிறைந்ததும் கட்டிகளைத் தடித்த சுவருள்ள ஐஸ் பெட்டிக்கு மாற்றி, இயந்திரத்தை நிறுத்திவிடுவதே பேட்டரியை நம்பி வாழ்பவருக்கு ஏற்ற வழி.

பகலில் ஐந்து மணி நேரம் ஓட்டினால் 600 வாட் மணி. 12 வோல்ட்டை 120 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 700க்கு அருகில். 100 ஆம்பியர் மணி கொண்ட ஈய அமில பேட்டரியில் 1,200 வாட் மணி இருந்தாலும், அதன் ஆயுளைக் கருதிப் பாதிக்குமேல் எடுக்கக் கூடாது. ஆக, இரண்டரை கிலோ பனிக்கட்டிக்கு ஒரு பேட்டரியில் எடுக்கத்தக்க 600 வாட் மணி முழுவதும்கூடப் போதாது. ஆனால் நண்பகலுக்குள் பேட்டரிகள் நிறைந்துவிடும் வண்டியில் கதை வேறு. அதற்குப்பின் தகடுகள் தரக்கூடிய மின்சாரம் எடுப்பாரின்றி வீணாகும். அதைப் பனிக்கட்டியாக மாற்றினால், கிலோவுக்கு 93 வாட் மணி வெப்பத்தை உறிஞ்சக்கூடிய குளிர்ச்சேமிப்பு கிடைக்கிறது. மின் இணைப்புள்ள முகாமில் இந்தக் கணக்கே வேண்டாம்: 30 ஆம்பியர் இணைப்பு 3,600 வாட் தருவதில், 120 வாட் ஒரு பொருட்டே இல்லை.

கம்ப்ரஸர் மோட்டார் கிளம்பும் நொடியில் அதன் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால், 150 வாட் இன்வெர்ட்டர் போதும் என்று கணக்கிட்டவர் தோற்றுப்போவார். தூய சைன் அலையை, அதாவது வீட்டு மின்சாரத்தைப் போலச் சீராக ஏறி இறங்கும் மின்னலையை, தராத மலிவான இன்வெர்ட்டரில் மோட்டார் முனகிக்கொண்டு சூடாகும்.

தண்ணீரும் தன் பங்குக்கு வேலை காட்டுகிறது. உறையும் பனி, கரைந்திருக்கும் உப்புகளைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்டவை மீதித் தண்ணீரோடு கீழ்த்தொட்டிக்குத் திரும்பி, சுற்றுக்குச் சுற்று செறிவடைகின்றன. அரிசோனா போன்ற கடின நீர்ப் பகுதிகளில் விரல்களிலும் பம்பிலும் வெள்ளைப் படிவு சேர்வது இதனால்தான். தொட்டித் தண்ணீரை நாள்தோறும் வடித்து மாற்றினால் படிவு தாமதமாகும்.

வண்டி சரிந்து நின்றால், ஒரு பக்க விரல்கள் ஆழமாக மூழ்க, மறுபக்கத்தில் கட்டிகள் மெலிந்துவிடும். புறப்படும்போது தொட்டியை முழுவதும் வடித்து, இயந்திரத்தை நிமிர்ந்த நிலையிலேயே வைத்துக் கட்ட வேண்டும். வழியில் அது சாய்ந்துவிட்டால், கம்ப்ரஸரின் அடியில் கிடக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஏறிவிடும். போய்ச் சேர்ந்ததும் எவ்வளவு தாகமாக இருந்தாலும், அந்த எண்ணெய் இறங்கி வரும்வரை, ஒரு நாள் முழுவதும் அதை அசையாமல் நிறுத்திவைத்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.