பாட்டிகிட்ட இருந்தது நாலே இங்கிலீஷ் வார்த்தை

ரெண்டு மாசம் முன்னாடி கோலாலம்பூர் செந்தூல்ல இருந்து ஒரு பாட்டி அஞ்சு வயசு பேரனை கூட்டிட்டு என் கிளினிக்குக்கு வந்தாங்க (யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரம் மாத்திதான் எழுதுறேன்). அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலை, ஸ்கூல் விட்டா பையன் பாட்டிகிட்டதான். வெளிய நாற்காலில உக்காந்து பிஸ்கட் டப்பாவை திறந்துகிட்டே "கம் ஐயா கம், சிட், ஈட்"னு சொல்லிட்டு இருந்தாங்க. உள்ள வந்து கதவை சாத்திட்டு மெதுவா கேட்டாங்க, "டாக்டர், நான் இவன்கிட்ட தமிழ்ல பேசலாமா?"

நான் டாக்டர் இல்ல, ஸ்பீச் தெரபிஸ்ட், எத்தனை தடவை சொன்னாலும் யாரும் விடறதில்ல. அதை விடுங்க. சொந்த பேரன்கிட்ட பேச ஒரு பாட்டி என்கிட்ட பர்மிஷன் கேக்குறாங்களே, அதான் மனசை என்னமோ பண்ணுச்சு.

விசாரிச்சா, பையன் போற பாலர் பள்ளி இங்கிலீஷ் மீடியம், மூணு மாசமா அங்க வாயே திறக்கலையாம். டீச்சர் "வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, இல்லன்னா குழம்பிடுவான்"னு சொல்ல, அம்மா அன்னைக்கே வீட்ல சட்டம் போட்டுட்டாங்க. பாட்டி பேராக் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க, தமிழ் தெரியும், பசார் மலாய் (கடைத்தெருவுல பேசுற மலாய்) தெரியும், இங்கிலீஷ்ல கம், சிட், ஈட், நோ அவ்வளவுதான். விடியக்காலைல நெத்தில விளக்கை கட்டிக்கிட்டு மரம் வெட்டப் போனது, பாம்பை பார்த்து பால் வாளியை அப்படியே போட்டுட்டு ஓடுனது, இப்படி தினம் ஒரு கதை கேட்டுட்டு இருந்த பையனுக்கு இப்போ சாயங்காலம் முழுக்க கிடைக்கிறது அந்த நாலு வார்த்தை. இங்கிலீஷும் வளரல, இருந்த பேச்சும் குறைஞ்சு போச்சு.

அம்மாவை குறை சொல்ல எனக்கு வாய் வரல. மலேசியப் பள்ளிகள்ல 2003ல கணிதம், அறிவியலை இங்கிலீஷுக்கு மாத்துனாங்க, 2012ல இருந்து படிப்படியா திருப்பிட்டாங்க, 2016ல டிஎல்பின்னு (இருமொழித் திட்டம்) சில பள்ளிகள்ல மறுபடி இங்கிலீஷ். அந்த இழுபறிக்கு நடுவுல படிச்ச பிள்ளைங்கதான் இப்போ அப்பா அம்மா. இன்டர்வியூல இங்கிலீஷ் வராம வேர்த்து நின்னவங்களுக்கு அந்த பயம் இருக்கத்தானே செய்யும்.

வேலைக்கு வந்த புதுசுல நானே வேற ஒரு வீட்டுக்கு "இங்கிலீஷ் மட்டும் பேசுங்க"ன்னு இதே அட்வைஸ் குடுத்திருக்கேன், சொல்ல வெக்கமாதான் இருக்கு. அந்த வீட்டு பொண்ணு இப்போ படிவம் மூணு, தங்கச்சிக்காக அம்மா கூட வந்தப்ப பார்த்தேன், இங்கிலீஷ் தண்ணி மாதிரி வருது. பினாங்குல இருந்து பாட்டி போன் பண்ணாங்க. "ஹாய் பாட்டி, சாப்டீங்களா?"னு கேட்டா, அந்தப் பக்கம் பாட்டி நீளமா என்னமோ சொல்றாங்க, இவ போனைப் பார்த்து தலையாட்டிட்டு அம்மா கையில குடுத்துட்டா. இங்கிலீஷ் அவளுக்கு ஸ்கூல்லயும் யூடியூப்லயும் எப்படியும் வந்திருக்கும். என் அட்வைஸால பாட்டி கூட பேச்சு போனதுதான் மிச்சம்.

சரி, செந்தூல் பையனுக்கு வருவோம். டெஸ்ட் கார்டுல ஸ்னோமேன் படம், கையுறை படம், பையன் முழிக்கிறான், கோலாலம்பூர்ல பனி எங்க பார்த்தான் பாவம். பாட்டியோட பையை காட்ட சொன்னேன். கீரை, சீப்பு, திருநீறுன்னு தமிழ்ல சொன்னான், குடையை பார்த்து "பாயோங்"னு மலாய்ல, சாவிக்கு "கீ". இத்தனையும் அவன் சொத்து. ரெண்டு மூணு மொழி கேட்டு வளர்ற பிள்ளைக்கு எல்லா மொழியிலயும் சேர்த்துதான் வார்த்தையை எண்ணணும், இங்கிலீஷை மட்டும் எண்ணிட்டு "லேட்"னு முத்திரை குத்தக்கூடாது. "பாட்டி ஐ வாண்ட் தண்ணி"ன்னு கலந்து பேசுறதும் குழப்பம் கிடையாது, நாமளே நாள் பூரா அப்படித்தானே பேசுறோம். புது மொழிக்கு நடுவுல போய் விழுந்த பிள்ளை சில வாரம், சில சமயம் சில மாசம் கூட, பேசாம கேட்டுக்கிட்டே இருக்கும். அதுவும் சகஜம்.

அதுக்காக சும்மா இருந்துடாதீங்க. 12 மாசத்துல மழலை சத்தமோ கை காட்டுறதோ இல்ல, 16 மாசத்துல ஒரு வார்த்தை கூட வரல, 2 வயசுல ரெண்டு வார்த்தை சேர்த்து பேசல, வந்த பேச்சு நின்னு போச்சு, இதுல எது இருந்தாலும் முதல்ல காது டெஸ்ட், அப்புறம் எங்களை மாதிரி ஆளுங்க. நிஜமான தாமதம்னா எல்லா மொழியிலயும் தெரியும், ஸ்கூல்ல மட்டும் மௌனம், வீட்ல வாயாடின்னா அது வேற கதை. தாமதம் இருக்கற பிள்ளைக்கும் வீட்டு பாஷையை நிறுத்த வேண்டியதில்ல.

வீட்ல பிள்ளை இங்கிலீஷ்ல பதில் சொன்னா திருத்தாதீங்க, அதையே தமிழ்ல திருப்பி சொல்லி பேச்சை தொடருங்க. "எங்க, ஆண்ட்டிக்கு தமிழ்ல சொல்லிக் காட்டு"ன்னு விருந்தாளி முன்னாடி நிக்க வைக்காதீங்க. தப்பா சொன்னா சிரிக்கவே சிரிக்காதீங்க, ஒரு தடவை சிரிச்சா போதும், அதோட வாயை மூடிக்கும். தேசியப்பள்ளில (மலாய் மீடியம் அரசுப் பள்ளி) படிக்கிற பிள்ளைங்களுக்கு இன்னொன்னு, 1996 கல்விச் சட்டப்படி 15 பிள்ளைங்களோட பெத்தவங்க கேட்டா அங்க தமிழ் வகுப்பு நடத்தணும். பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது, வாட்ஸ்அப் குரூப்ல பேசி ஆள் சேருங்க.

செந்தூல் வீட்ல சட்டத்தை எடுத்தாச்சு. பையன் ஸ்கூல்ல இன்னும் மூணு நாலு வார்த்தைதான் பேசுறானாம், அம்மாவுக்கு கவலை தீரல, எனக்கு அவசரம் இல்ல. போன வாரம் செஷன் முடிஞ்சு செருப்பு மாட்டிக்கிட்டே "பாட்டி, அந்த ஸ்னேக் அப்புறம் எங்க போச்சு?"ன்னு கேட்டான். பாட்டி அங்கேயே ஆரம்பிச்சுட்டாங்க, அடுத்த பிள்ளை காத்துக்கிட்டு இருந்துச்சு, வெளிய உக்காந்து சொல்லுங்க பாட்டின்னு நான்தான் அனுப்பி வச்சேன்.