1103 மணி நேரமா ஆஃப் ஆகாத போன்

எங்க சித்தி கடலூர் முதுநகர் துறைமுகத்துல மீன் எடுத்து விக்கிறவங்க. விடியகாலை 3 மணிக்கே ஏலத்துக்கு போயிடுவாங்க, பாண்டிச்சேரில ரெண்டு மூணு ஹோட்டல்காரங்க முந்தின ராத்திரியோ விடியகாலையோ போன்லயே ஆர்டர் சொல்லிடுவாங்க, அத வச்சுதான் எவ்வளவு எடுக்கணும்னு முடிவு பண்ணுவாங்க. போன மாசம் ஒரு நாள் மதியம் வீட்டுக்கு வந்து போனை என் கையில குடுத்து, "ஏண்டா தம்பி, சிக்னல் முழுசா நிக்குது, வாட்ஸ்ஆப் வருது, ஆனா காலையிலேருந்து ஒரு கால் கூட வரல, கூப்பிட்டவங்களுக்கெல்லாம் ஸ்விட்ச் ஆஃப்னு சொல்லுதாம்டா"ன்னாங்க. எடுத்து வச்ச வஞ்சிரத்த வேற வழியில்லாம குறைஞ்ச ரேட்டுக்கு தள்ளிட்டு வந்திருக்காங்க.

ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல அபவுட் போன் உள்ள போயி ஸ்டேட்டஸ்ல அப் டைம்னு ஒண்ணு இருக்கும், அத பாத்தேன். 1103:27:41 அப்படின்னு ஓடிட்டு இருந்துச்சு. 1103 மணி நேரம், அதாவது கிட்டத்தட்ட 46 நாள். கடைசியா அது அணைஞ்சதே சார்ஜ் தீர்ந்து போனதாலதானாம். ரீஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷத்துல முதல் கால் வந்துடுச்சு.

"போனுக்கும் மனுஷன் மாதிரி ரெஸ்ட் வேணும்ல"ன்னு சித்தி சொன்னாங்க. நிறைய பேரு இப்படித்தான் நினைக்கிறோம், ஆனா அது சரியில்ல. உள்ள இருக்கிற சிப்பு 46 நாள் ஓடுனதால களைச்சு போகாது. சூடானா வேகத்த குறைச்சுக்கும், ஆறுனா மறுபடி ஏத்திக்கும், அவ்வளவுதான். மாறுறது எல்லாம் ரேம்ல, அதாவது ஆப்புங்க வேலை செய்யும்போது தற்காலிகமா எடுத்துக்கிற இடத்துல, ஓடிட்டு இருக்கிற சாப்ட்வேரோட நிலைமையில.

சித்தி தொழிலையே வச்சு சொல்றேன். ஏலத்துக்கு வர்ற வியாபாரிங்க பொதுவுல இருக்கிற பிளாஸ்டிக் பெட்டிய எடுத்துக்குவாங்க, மீன போட்டு வேலைய முடிச்சிட்டு பெட்டிய திருப்பி வைக்கணும். ரேமும் அப்படித்தான், ஒவ்வொரு ஆப்பும் வேலைக்கு தகுந்த மாதிரி பெட்டி கேக்கும், முடிஞ்சதும் திருப்பி குடுக்கணும். எழுதுனவங்க எங்கயோ ஒரு இடத்துல திருப்பி குடுக்கிற வரிய மறந்திருந்தா, அந்த வேலை நடக்குற ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டி வெளியிலயே தங்கிடும். இதுக்கு மெமரி லீக்னு பேரு. ஒரு நாள்ல தெரியாது, அம்பது நாள்ல தெரியும்.

இதுல நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறது ஒண்ணு இருக்கு. ஒரு ஆப்பு மூடப்பட்டா, அது எத்தன பெட்டிய மறந்து வச்சிருந்தாலும் கெர்னல், அதாவது எல்லா ஆப்புக்கும் அடியில இருந்து ரேம பங்கு போட்டு குடுக்கிற சாப்ட்வேர், மொத்தத்தையும் பிடுங்கிக்கும், ஒண்ணு கூட விடாது. ஆண்ட்ராய்டுக்கு அடியில இருக்கிறது லினக்ஸ் கெர்னல், ரேம் பத்தலன்னா அதுக்குன்னே இருக்கிற ஒரு காவல்காரன் பின்னாடி சும்மா கிடக்குற ஆப்பா பாத்து ஒவ்வொண்ணா மூடிட்டே வருவான். அதனாலதான் நாம ரீசண்ட்ஸ்ல போயி எல்லாத்தையும் தள்ளி தள்ளி விடுறது பெருசா ஒண்ணும் சாதிக்கிறதில்ல, அந்த வேலை ஏற்கனவே தானா நடந்துட்டுதான் இருக்கு. அப்ப ஆப்பு லீக் பண்றதால போன் வாரக்கணக்குல கெடாது. கெடுக்கிறது யாருன்னா, எப்பவுமே மூடப்படாதவங்க. சிஸ்டம் சர்வர்னு ஒரு புரோசஸ் இருக்கு, விண்டோ, நோட்டிபிகேஷன், பேட்டரி கணக்கு, எல்லாம் அதுக்குள்ளதான் ஓடுது, அத காவல்காரன் கடைசி வரைக்கும் தொட மாட்டான். அப்புறம் கெர்னலும், கேமரா வைஃபை மாதிரி பாகங்கள ஓட்டுற டிரைவர்ங்கிற சாப்ட்வேர்களும். இவங்க மறந்த பெட்டிய பிடுங்க மேல ஆள் கிடையாது. நாள் கணக்கா அப் டைம் ஏற ஏற கனம் கூடுறது இங்கதான், ரீஸ்டார்ட்டுக்கு உண்மையான பலன் இருக்கிறதும் இங்கதான்.

சிஸ்டம் சர்வருக்கு மட்டும் வேற ஒரு ஏற்பாடு இருக்கு. உள்ளயே வாட்ச்டாக்னு ஒண்ணு உக்காந்து முக்கியமான வேலைங்க நகருதான்னு பாத்துட்டே இருக்கும், 60 செகண்டு அசையலன்னா அது சிஸ்டம் சர்வரையே கொன்னு போட்டு மேல்பகுதிய மட்டும் புதுசா தூக்கி விடும். சில நேரம் போன் கையில இருக்கும்போதே லோகோ அனிமேஷன் வந்துட்டு சட்டுனு திரும்பிடும் பாத்திருப்பீங்க, பல நேரம் அது இதுதான். அப்போ போயி அப் டைம் பாருங்க, பூஜ்யத்துலேருந்து ஆரம்பிச்சிருக்காது, பழைய கணக்கே ஓடும், ஏன்னா கீழ கெர்னல் அசையவே இல்ல.

சரி, சித்தி போனுக்கு வருவோம். அங்க ரேம்ல பிரச்சனை இல்ல, எனக்கு தெரிஞ்ச வரைக்கும் அது மோடம் பக்கத்து கதை. மோடம்ங்கிறது போனுக்குள்ள இருக்கிற இன்னொரு குட்டி கம்ப்யூட்டர், அதுக்கு தனி புராசஸர், தனி சாப்ட்வேர். இப்ப 4ஜி கால் போறது டேட்டா மேலதான், அதுக்கு போன் நெட்வொர்க்ல ரெண்டு தனித்தனி பதிவு வச்சிருக்கணும், டேட்டாவுக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணு. ரெண்டாவது பதிவு அறுந்து போயி, போனோ நெட்வொர்க்கோ அது இன்னும் இருக்குன்னு நினைச்சிட்டு உக்காந்திருந்தா, சிக்னல் கோடு முழுசா தெரியும், வாட்ஸ்ஆப் ஓடும், கால் மட்டும் வராது. ஏரோபிளேன் மோட போட்டு எடுத்தாலே பல நேரம் புதுசா பதிவாகிடும். மோடம் சாப்ட்வேரே சிக்கிட்டா ரீஸ்டார்ட்தான் வழி.

இந்த மாதிரி நாள் கணக்குல ஓடுனா மட்டும் வெளிய வர்ற தப்பு சாதாரணமா எடுத்துக்க கூடாத விஷயம். 1991 பிப்ரவரி 25, வளைகுடா போர் சமயம், சவுதி அரேபியாவுல தஹ்ரான்ல இருந்த அமெரிக்காவோட பேட்ரியட் ஏவுகணை தடுப்பு கம்ப்யூட்டர் 100 மணி நேரத்துக்கும் மேல நிறுத்தாம ஓடிட்டு இருந்துச்சு. அது நேரத்த பத்துல ஒரு செகண்டு கணக்குல எண்ணும், ஆனா பத்துல ஒண்ணுங்கிறத பைனரில, அதாவது 0, 1 மட்டும் வச்சு எழுதுற கம்ப்யூட்டர் கணக்குல, முழுசா எழுத முடியாது, ஒவ்வொரு தடவையும் கண்ணுக்கு தெரியாத அளவு மிச்சம் விழும். 100 மணி நேரத்துல அந்த மிச்சம் 0.34 செகண்டா சேர்ந்துடுச்சு. அந்த நேரத்துக்குள்ள ஈராக் ஏவுன ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல பறந்துடும், தேட வேண்டிய இடத்தையே தப்பா தேடிட்டாங்க, 28 வீரர்கள் செத்து போனாங்க. ரொம்ப நேரம் ஓட்டாதீங்கன்னு முன்னாடியே தகவல் போயிருந்தது, ரொம்ப நேரம்னா எத்தன மணி நேரம்னு யாரும் சொல்லல. திருத்துன சாப்ட்வேர் வந்து சேர்ந்தது மறுநாள். இத எப்ப படிச்சாலும் எனக்கு மனசு ஆறாது.

இன்னொரு வகை, எண்ணி எண்ணி மீட்டர் நிறைஞ்சு போறது. பழைய பைக்ல 99999 கிலோமீட்டர் தாண்டுனா மறுபடி 00000 வரும்ல, அந்த மாதிரி. விண்டோஸ் 95, 98 ரெண்டும் மில்லிசெகண்ட 32 பிட்ல, அதாவது 32 பைனரி இலக்கத்துல எண்ணுச்சு, அது 49.7 நாள்ல நிறைஞ்சிடும், அதோட கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடும். 2015ல போயிங் 787 விமானத்துல ஜெனரேட்டர கட்டுப்படுத்துற யூனிட்டு தொடர்ந்து 248 நாள் பவர்ல இருந்தா நின்னு போகலாம்னு கண்டுபிடிச்சு, நடுவுல அணைச்சு போடுங்கன்னு அமெரிக்க விமானத்துறையே உத்தரவு போட்டுச்சு. சித்தி போன் 46 நாள்னதும் எனக்கு உடனே இந்த 49.7தான் ஞாபகம் வந்துச்சு, ஆனா ஆண்ட்ராய்டு இந்த நேரத்த 64 பிட்ல எண்ணுது, அது நிறையுறதுக்கு 29 கோடி வருஷம் ஆகும். லினக்ஸ் எழுதுனவங்க இன்னும் ஒரு படி மேல போயி, உள்ள இருக்கிற ஒரு 32 பிட் மீட்டர், ஆன் பண்ணி 5 நிமிஷத்துலயே நிறையுற மாதிரி வேணும்னே ஆரம்ப எண்ண செட் பண்ணி வச்சிருக்காங்க. எந்த டிரைவர்லயாவது தப்பு இருந்தா அம்பது நாள் காத்திருக்காம அஞ்சே நிமிஷத்துல மாட்டிக்கும். என்ன ஒரு யோசனை!

ஓடிட்டு இருக்கிற சாப்ட்வேர கெடுறதுக்கு முன்னாடியே வேணும்னு நிறுத்தி புதுசா ஆரம்பிக்கிறதுக்கு 1995லயே அமெரிக்காவோட பெல் லேப்ஸ் ஆளுங்க சாப்ட்வேர் ரிஜுவனேஷன்னு பேர் வச்சாங்க. நம்ம ஊர்ல ஏப்ரல் 15லேருந்து 61 நாள் தடைக்காலத்துல விசைப்படக கரையேத்தி அடிப்பக்கம் சுரண்டி பெயிண்ட் அடிக்கிறாங்களே, கிட்டத்தட்ட அதுதான்.

அப்ப எத்தன நாளுக்கு ஒரு தடவ? ஓடுறதுக்கு மட்டும்னா மாசக்கணக்குல கூட ஓடும், நல்லா எழுதுன போன் அணைக்காமயே கிடக்கும். ஆனா நான் வாரம் ஒரு தடவைன்னு சொல்லுவேன், அதுக்கு காரணம் வேகம் இல்ல, பாதுகாப்பு. லிங்க கூட தொடாம போனுக்குள்ள புகுற சில உளவு சாப்ட்வேருங்க ரேம்ல மட்டும்தான் உயிரோட இருக்கும், ரீஸ்டார்ட் பண்ணா போயிடும். அமெரிக்காவோட உளவு அமைப்பான என்எஸ்ஏ 2020ல குடுத்த குறிப்புல வாரம் ஒரு தடவ அணைச்சு போடச் சொன்னதும் இதுக்காகத்தான். அதோட செக்யூரிட்டி அப்டேட்டும் டவுன்லோடு ஆகி ரீஸ்டார்ட்டுக்காக காத்துக் கிடக்கும், பண்ணாத வரைக்கும் பழைய ஓட்டை அப்படியே இருக்கும். 2024லேருந்து ஐபோன் 3 நாள் யாரும் லாக் எடுக்கலன்னா தானா ரீஸ்டார்ட் ஆகுது, 2025ல ஆண்ட்ராய்டுக்கும் அதே வந்துடுச்சு.

ஸ்டோரேஜ் முழுசா நிரம்பியிருந்தா, பேட்டரி பழசாகி திடீர்னு அணைஞ்சா, ரீஸ்டார்ட்டால எதுவும் ஆகாது. அதுக்கு வேற வைத்தியம்.

சித்தி போன்ல வாராவாரம் தானா ரீஸ்டார்ட் ஆகுற ஆப்ஷன் இருந்துச்சு, ராத்திரி 1 மணிக்கு போட்டு விட்டேன். அடுத்த வாரமே திட்டு. போன் புதுசா ஆன் ஆனதும் பின் நம்பர் போடுற வரைக்கும் உள்ள இருக்கிற டேட்டா பூட்டியே கிடக்கும், கைரேகை எடுக்காது, வாட்ஸ்ஆப் வராது, கால் வரும் ஆனா பேரு வராது, நம்பர் மட்டும்தான் தெரியும், ஏன்னா கான்டாக்ட்ஸும் அந்த பூட்டுக்குள்ளதான் இருக்கு. விடியகாலை 3 மணிக்கு ஹோட்டல்காரர் கூப்பிட்டிருக்கார், யாரோ தெரியாத நம்பர்னு சித்தி எடுக்கல. இப்ப அந்த ஆப்ஷன ஆஃப் பண்ணிட்டேன், திங்கக்கெழம மதியம் சாப்பிட்டு முடிச்சதும் அவங்களே ரீஸ்டார்ட் பண்ணி, பின் நம்பர போட்டுட்டு படுக்கிறாங்க.